விரிவாக்கம்: எதை விரிக்கிறோம்?

திருகோணமலையில் 'எக்ஸ்டென்ஷன்' என்றால் முதலில் மின்சார வயர்தான் நினைவுக்கு வரும். அப்புறம் விசா. அதே சொல் விவசாய அலுவலகங்களில் 'விரிவாக்கம்' அல்லது 'விரிவாக்கல்' ஆகிறது. ஆய்வில் கண்ட விவசாய அறிவைத் தோட்டம்வரை கொண்டுபோகும் வேலைக்கு அங்கே அந்தப் பெயர். நிலாவெளியில் வெங்காயம் வைக்கிற கமக்காரர் அதைக் கேட்டு, காணியைப் பெருப்பிக்கும் திட்டம் என்று நினைத்தால் அவரில் குற்றமில்லை.

மூலம் லத்தீன் 'எக்ஸ்தெந்தெரே': வெளியே நீட்டு. முதலில் நீண்டது காணியல்ல, பல்கலைக்கழகம். 1873இல் கேம்பிரிட்ஜ், உள்ளே வந்து படிக்க முடியாதவர்களுக்காக நொட்டிங்ஹாம், டார்பி, லெஸ்டர் நகரங்களில் விரிவுரைகளைத் தொடங்கியது. அதன் பெயர் 'யூனிவர்சிட்டி எக்ஸ்டென்ஷன்'. அமெரிக்காவில் 1914ஆம் ஆண்டின் ஸ்மித்-லீவர் சட்டம், விவசாயக் கல்லூரிகளின் ஆய்வைப் பண்ணைவரை கொண்டுபோகப் பணம் ஒதுக்கியது. சொல் விவசாயத்தில் வேர் பிடித்தது அங்கேதான்.

இங்கே வழி வேறு. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் மட்டக்களப்பு மாவட்டத்தில் இருக்கிறது. தோட்டத்துக்கு வருகிறவரோ அரசின் விவசாயப் போதனாசிரியர். இந்தப் பெயர் எனக்கு உறுத்தும். போதிக்கிறவர் பேசுவார், மற்றவர் கேட்பார் என்றுதானே அது சொல்கிறது?

வெங்காயத் தோட்டத்தில் கேள்வி எதிர்ப்பக்கமிருந்து வரும். விதை வெங்காயம், கூலி, உரம், நீர் இறைக்கும் செலவு எல்லாவற்றையும் கூட்டி விளைச்சலால் வகுத்தால், கிலோவுக்கு 180 ரூபா முடிகிறது என்று ஒரு கணக்குக்கு வைப்போம். ஊரே ஒரே கிழமையில் கிண்டி, சந்தை விலை 150க்கு இறங்கினால் கிலோவுக்கு 30 ரூபா நட்டம். நல்ல விளைச்சல் வந்த வருடத்தில்தான் கடன் கூடும். புதிய இனம் மட்டும் கொடுத்து இதைத் தீர்க்க முடியாது. எப்போது நடுவது, பிடி கட்டி எத்தனை நாள் வைத்திருப்பது, அதுவரை கைச்செலவுக்கு என்ன வழி என்பதெல்லாம் விவசாயப் பொருளியல் ஆராயவேண்டியவை. ஆகவே தோட்டத்துக் கேள்வியும் ஆய்வுகூடத்துக்குப் போகவேண்டும்.

சரி, தமிழில் எதைச் சொல்வது? விசாவுக்கு 'நீடிப்பு' பொருந்தும். வயரை வயராகவே விட்டுவிடலாம். விவசாயத்துக்கு 'விரிவாக்கம்' பிழையில்லை, ஆனால் குறை இருக்கிறது. 'விரிவாக்கு' என்றால் உடனே 'எதை?' என்று கேட்கத் தோன்றும். 'விவசாய அறிவு விரிவாக்கம்' என்று எழுதினால் அதற்குப் பதில் உள்ளேயே வந்துவிடும். பெயர்ப்பலகையில் ஒரு சொல் கூடும், அவ்வளவுதான்.