ஃபிலிம் மீது பழி போடும் முன் தெர்மாமீட்டரைப் பாருங்கள்

சென்ற வாரம் ஓர் இளைஞர், பான் எஃப் பிளஸ் 50 என்ற, ஒளியுணர்வு குறைந்த (ஐஎஸ்ஓ 50) கறுப்பு-வெள்ளை ஃபிலிமில் எடுத்துத் தம் வீட்டிலேயே டெவலப் செய்த நெகட்டிவ்களைக் கொண்டுவந்து, "ஸ்லோ ஃபிலிம் என்றாலே இப்படித்தானா சார்? கான்ட்ராஸ்ட் தாங்க முடியவில்லை" என்றார். நண்பகல் வெயிலில் எடுத்த கோயில் மண்டபம். நெகட்டிவை நாளிதழின் மேல் வைத்துப் பார்த்தேன். வெயில் விழுந்த சுவரின் வழியே ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. தூண்களின் நிழல் இருக்க வேண்டிய இடமோ வெறும் கண்ணாடியாக இருந்தது. இந்த மாதம் இப்படி என் மேசைக்கு வந்த நான்காவது ரோல் இது. டெவலப்பர், அதாவது படத்தை வெளிக்கொண்டுவரும் மருந்துக் கரைசல், எத்தனை டிகிரியில் இருந்தது என்று கேட்டால், நால்வரும் சொன்ன பதில் ஒன்றுதான்: "குழாய்த் தண்ணீர்தான் சார்."

சென்னையில் கோடைக்காலத்தில் மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் 30 டிகிரிக்குக் குறைவாக இருப்பது அரிது. ஐடி-11 என்ற டெவலப்பரை 1+1 ஆக, அதாவது ஒரு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் சேர்த்துக் கலந்தால் இந்த ஃபிலிமுக்கு எட்டரை நிமிடம் என்று அட்டவணை சொல்வது 20 டிகிரிக்கு மட்டுமே. 24 டிகிரியிலேயே அது ஏறக்குறைய ஆறு நிமிடமாகச் சுருங்கிவிடும். 30 டிகிரியில் முழு எட்டரை நிமிடமும் ஊறவிட்டுப் பிறகு ஃபிலிமைக் குறை சொல்வது, குக்கரில் பத்து விசில் விட்டுவிட்டு அரிசி குழைந்துவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதைப் போன்றது.

இதைவிட எனக்கு எரிச்சலூட்டுவது, இதற்கு இவர்களாகவே கண்டுபிடிக்கும் மருந்து. "வெளிச்சம் அதிகமாகிவிட்டது; அடுத்த ரோலுக்கு மீட்டரை 50க்குப் பதில் 100 என்று வைத்து எடுக்கிறேன்" என்கிறார்கள். எக்ஸ்போஷரைக் குறைத்தால் கான்ட்ராஸ்ட் குறையாது. ஒரு ஸ்டாப் குறைத்தால், அதாவது ஒளியைப் பாதியாக்கினால், சுவரும் ஒரு ஸ்டாப் இறங்கும், தூணின் நிழலும் ஒரு ஸ்டாப் இறங்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் அப்படியே இருக்கும். ஏற்கெனவே விளிம்பில் நின்ற நிழல் மட்டும் பள்ளத்தில் விழுந்து மறையும். ஃபிலிமில் பதியாத நிழலை எந்த டெவலப்பரும் பிறகு கொண்டுவந்து தராது. நிழல் பகுதி டெவலப்பரில் சீக்கிரமே தன் வேலையை முடித்துக்கொள்கிறது. வெளிச்சப் பகுதிதான் நேரமும் சூடும் குலுக்கலும் கிடைக்கக் கிடைக்க வளர்ந்துகொண்டே போகிறது. நிழலைக் கேமராவில் காப்பாற்று, வெளிச்சத்தை டெவலப் செய்யும் டேங்கில் அடக்கு என்பது இத்தொழிலின் பழைய பாடம். ஆகவே, கடும் வெயிலில் எடுக்கும்போது மீட்டரை 100இல் அல்ல, 25 அல்லது 32இல் வைத்து நிழலுக்குத் தாராளமாக ஒளி கொடுங்கள். டெவலப் செய்யும் நேரத்தை 15 முதல் 20 விழுக்காடு குறைத்து, அதாவது எட்டரை நிமிடத்தை ஏழு நிமிட அளவுக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஊட்டி மூடுபனியில் எடுத்த ரோலுக்கு இதே கணக்கைத் திருப்பிப் போட்டு நேரத்தைக் கூட்ட வேண்டும். அதனால்தான் வெயிலையும் மூடுபனியையும் ஒரே ரோலில் எடுக்காதீர்கள் என்று கெஞ்சுகிறேன்.

"30 டிகிரிக்கேற்ப நேரத்தைக் குறைத்துக்கொண்டால் போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. நேரம் ஐந்து நிமிடத்துக்குக் கீழே இறங்கினால் டெவலப்பர் சீராகப் பரவுவதற்குள் வேலை முடிந்துவிடும். வானத்தில் திட்டுத் திட்டாகத் தெரியும். குளிர வைப்பது பெரிய வித்தையும் அல்ல. 30 டிகிரியில் இருக்கும் ஸ்டாக் கரைசலோடு (இன்னும் தண்ணீர் சேர்த்து நீர்க்கச் செய்யாத டெவலப்பர்), ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த 10 டிகிரித் தண்ணீரைச் சம அளவு சேர்த்தால் 1+1 கலவையும் 20 டிகிரியும் ஒரே வேலையில் கிடைத்துவிடுகின்றன. பிறகு டேங்கை 20 டிகிரித் தண்ணீர் நிறைந்த வாளியில் நிறுத்துங்கள். அறைச் சூடு சும்மா இருக்காது. ஐஸ் கட்டியை வாளியில் போடுங்கள், டெவலப்பருக்குள் போடாதீர்கள்.

டேங்கை நிமிடத்துக்கு ஒருமுறை, முதல் பத்து விநாடிக்குள் நான்கு தடவை கவிழ்த்து நிமிர்த்தினால் போதும். பதற்றத்தில் விடாமல் குலுக்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். வெளிச்சப் பகுதிக்குப் புது டெவலப்பரை ஊட்டி ஊட்டி வளர்ப்பது அந்தக் குலுக்கல்தான். இதற்கு நேர்மாறாக, ரோடினல் என்ற டெவலப்பரை 1+100 கலந்து ஒரு மணி நேரம் அசைக்காமல் வைக்கும் முறையை எல்லாவற்றுக்கும் கைகண்ட மருந்தாகச் சொல்கிறார்கள். நம் ஊர் சூட்டில் அப்படிச் செய்து, ஃபிலிம் ஓரத் துளைகளிலிருந்து கோடுகள் இறங்கிய நெகட்டிவ்களை ஒரு கோப்பு நிறைய வைத்திருக்கிறேன்.

பான் எஃப் பிளஸ் வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று. இதில் பதிந்த பிம்பம் காத்திருக்காது. எடுத்த மூன்று மாதத்துக்குள் டெவலப் செய்துவிட வேண்டும். தீபாவளிக்கு எடுத்ததை ஃபிரிட்ஜின் முட்டைத் தட்டில் வைத்திருந்து ஆடி மாதம் கொண்டுவந்தால், வெளிறிய படத்துக்கு நான் பொறுப்பாக முடியாது.

கையுறை போடாதவர்களை என் இருட்டறைக்குள் விடுவதில்லை. டெவலப்பரில் உள்ள மெட்டால் என்ற ரசாயனம் சிலருடைய தோலுக்கு ஆகாது. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அது ஆயுளுக்கும் தொடரக்கூடும். சமையல் பாத்திரத்தில் மருந்து கலக்காதீர்கள். தயவுசெய்து கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள், வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். டெவலப் செய்த பின் படத்தை நிலைப்படுத்தும் மருந்தான ஃபிக்ஸரில், பயன்படுத்திய பிறகு வெள்ளி கரைந்திருக்கிறது. அதைக் கிணற்றடியில் கொட்டாமல் கேனில் சேர்த்து வையுங்கள்.

நெகட்டிவ் உறையின் மேல் மீட்டர் வைத்த எண், டிகிரி, நிமிடம், குலுக்கிய விதம் ஆகிய நான்கையும் பென்சிலால் எழுதுங்கள். அந்த இளைஞரிடம் இவற்றில் ஒன்றுகூட இல்லை. எழுதாத உறையோடு வருகிறவருக்கு என்னிடம் காபி கிடைக்கும், ஆலோசனை கிடைக்காது.