கபாபின் மென்மை அடுப்புக்கு முன்பே முடிவாகிறது

ரமலான் மாத மாலைகளில் திருவல்லிக்கேணி பக்கம் போனால் கரி அடுப்புப் புகை தெருமுனையிலேயே மூக்கைத் துளைக்கும். கங்கின் மேல் கறி சில நிமிடங்கள்தான் இருக்கிறது, ஆனாலும் பல்லுக்கு வேலையே இல்லை. அதே தொடைக்கறியை வீட்டில் குழம்பு வைக்கக் குக்கரில் எத்தனை விசில் விட வேண்டியிருக்கிறது! நெருப்பு கபாபுக்கு மணமும் நிறமும்தான் தருகிறது. மென்மை அதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது, அறுக்கும் இடத்திலும் ஊற வைக்கும் பாத்திரத்திலும்.

அறுப்பதிலிருந்து தொடங்குவோம். ஹலால் முறையில் இறைவன் பெயரைச் சொல்லி, கூர்மையான கத்தியால் மூச்சுக்குழாய், உணவுக்குழாய், கழுத்தின் பெரிய ரத்தக்குழாய்கள் எல்லாவற்றையும் சட்டென்று அறுத்துவிடுகிறார்கள். ரத்தம் வேகமாக வடிகிறது. (கடையில் வாங்கிய கறியில் கசியும் சிவப்பு நீரைப் பலர் ரத்தம் என்று நினைக்கிறார்கள். அது தசையிலுள்ள மயோகுளோபின் என்ற புரதம் கலந்த நீர்.) விலங்கின் கண்முன் கத்தியைத் தீட்டக் கூடாது, ஒன்றின் எதிரே இன்னொன்றை அறுக்கக் கூடாது என்றும் விதி உண்டு. கருணைக்காகச் சொன்ன விதிதான், ஆனால் கறிக்கும் அது நல்லது. தசையில் சர்க்கரைச் சேமிப்பாக இருக்கும் கிளைக்கோஜன், உயிர் போன பிறகு லாக்டிக் அமிலமாக மாறும். அதனால் கறியின் பி.எச். அளவு (குறையக் குறைய அமிலம் கூடும்) 7-லிருந்து சுமார் 5.6-க்கு இறங்கும், கிருமிகள் பெருகுவது மட்டுப்படும். நெடுநேரம் மிரண்டு அலைக்கழிந்த ஆட்டில் அந்தச் சேமிப்பு முன்பே கரைந்துபோயிருக்கும். அதன் கறி கருத்து, பிசுபிசுப்பாக, சீக்கிரம் கெட்டுப்போவதாக இருக்கும்.

அறுத்த சில மணி நேரத்தில் தசை விறைக்கிறது. அதைத் தளர்த்துவது தசையிலேயே இருக்கும் கால்பைன் என்ற நொதி. அது மிக நிதானமாக வேலை செய்யும். அதனால்தான் மேலைநாடுகளில் மாட்டிறைச்சியைக் குளிர் அறையில் வாரக்கணக்கில் தொங்கவிடுகிறார்கள். நம் ஊரில் அப்படியா? ஞாயிறு காலை கறிக்கடை பாய் வெட்டித் தருவது மதியம் இலைக்கு வந்தாக வேண்டும். அந்த வாரக்கணக்கான வேலையைச் சில மணி நேரத்தில் முடிக்க வந்ததுதான் பப்பாளிக்காய்.

காயின் பாலில் உள்ள பப்பைன் என்ற நொதி புரத இழைகளைத் துண்டு துண்டாக நறுக்குகிறது. பழுத்துவிட்டால் அதன் வீரியம் குறைந்துவிடும், அதனால் காய்தான் வேண்டும். அறை வெப்பத்தில் மெதுவாக வேலை செய்யும் பப்பைன், 60, 70 டிகிரியில் வேகம் பிடிக்கும். அதாவது கம்பி அடுப்பில் ஏறியதும் கடைசியாக ஒரு சுற்று வெட்டிவிட்டு, சூடு இன்னும் ஏறும்போது செயலிழக்கும். ஆனால் கறிக்குள் அது சில மில்லிமீட்டர்தான் இறங்கும். துண்டு பெரிதாக இருந்தால் மேலே குழைந்து உள்ளே விறைப்பாகவே இருக்கும். ராத்திரி முழுக்க ஊற வைத்தாலோ மேற்பரப்பு மாவாகிவிடும். இஞ்சியிலும் இதே மாதிரி ஒரு நொதி உண்டு. தயிரின் அமிலம் இவற்றைவிட மென்மையானது, அவசரப்படாதவர்களுக்கு அதுவே போதும்.

சீக் கபாபின் கதை வேறு. கொத்துக்கறியில் உப்புப் போட்டு நன்றாகப் பிசைந்தால் மயோசின் என்ற புரதம் வெளியே வந்து பசை போல ஒட்டும். சூடு பட்டதும் அது இறுகிக் கம்பியைப் பிடித்துக்கொள்ளும். முட்டையும் கடலை மாவும் இல்லாமலே நிற்கும். பிசையும்போது கறி சில்லென்று இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கொழுப்பு உருகிப் பிடிப்பைக் கெடுத்துவிடும். ஈரானில் கூபிதே என்ற கொத்துக்கறிக் கபாப் செய்பவர்கள் துருவிய வெங்காயத்தின் நீரைப் பிழிந்துவிட்டுத்தான் சேர்க்கிறார்கள். தண்ணீர் மிஞ்சினால் கறி கம்பியிலிருந்து நழுவும்.

அப்புறம்தான் நெருப்பு. கங்கிலிருந்து வரும் வெப்பம் பெரும்பாலும் அகச்சிவப்புக் கதிராகக் கறியைத் தாக்குகிறது. மேலே ஈரம் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. காய்ந்து 140 டிகிரியை நெருங்கும்போது அமினோ அமிலங்களும் சர்க்கரையும் வேகமாக வினைபுரிந்து, அந்தப் பழுப்பு நிறமும் வாசமும் பிறக்கின்றன. 1912-இல் லூயி காமீ மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் விவரித்த வினை இது. நைஜீரியாவில் சுயா என்ற கம்பிக் கறியை நிலக்கடலைப் பொடி பூசிச் சுடும்போதும் இதே வினைதான் நடக்கிறது. கங்கில் சொட்டிய கொழுப்பு புகையாகத் திரும்பி வந்து கறியில் படிவது தனி மணம்.

சென்னையில் தெருவுக்குத் தெரு வந்துவிட்ட ஷவர்மாவில் நெருப்பு பக்கவாட்டில் இருப்பதால், கொழுப்பு கங்கில் விழாமல் கறியின் மேலேயே வழிகிறது. துருக்கியின் டோனர் கபாபும் இப்படித்தான் சுழல்கிறது. ஆனால் எந்த நேரத்திலும் வெந்திருப்பது வெளி அடுக்கு மட்டுமே. கூட்டம் அதிகமாகி ஆழமாகச் சீவினால் வேகாத கோழி ரொட்டிக்குள் போய்விடும். கூட்டமில்லை என்று நெருப்பை அணைத்தால் உள்பகுதி வெதுவெதுப்பாக நின்று கிருமிகளை வளர்க்கும். கோழிக்கறியின் நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட்டால் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் உடனே சாகும். சீவிய துண்டுகளைச் சூடான தட்டில் இன்னொரு முறை புரட்டித் தரும் கடைக்காரர் சரியாகச் செய்கிறார். பச்சை முட்டை மயோனைஸிலும் இதே கிருமி இருக்கலாம், அதைச் சூடாக்கும் வாய்ப்பே கிடையாது. 2025 ஏப்ரலில் தமிழக அரசு அதற்கு ஓராண்டு தடை விதித்ததன் காரணம் இதுதான்.