துருசுக்கு ஆறு தெரியாது

மச்சான் வீடு இரணைமடுப் பக்கம். போன போயாவுக்குப் போயிருந்தபோது போனை நீட்டினார். “மச்சான், இந்த நெற்வேர்க் வயரை மாத்தினா பாட்டு இன்னும் துலக்கமாக் கேக்குமாம். உண்மையே?” விலையைப் பார்த்தேன். கன்றோடு ஒரு மாடு வாங்கலாம்.

இணையத்தில் பாட்டு ஒரே ஓட்டமாக வருவதில்லை. சின்னச் சின்னப் பொதிகளாக வருகிறது. ஒவ்வொரு பொதியோடும் ஒரு சரிபார்ப்பு எண் வரும். கணக்குப் பிழைத்தால் அந்தப் பொதி குப்பைக்குப் போகும்; காணாமற்போனது திரும்ப அனுப்பப்படும். வந்து சேர்ந்தவை கொஞ்ச நேரம் நினைவகத்தில் தேங்கி நிற்கும். இரணைமடுக் குளமும் அப்படித்தானே. கனகராயன் ஆறு ஒருநாள் பெருகி வரும், ஒருநாள் வற்றிக் கிடக்கும். துருசு என்ற மதகைத் திறந்தால் வயலுக்குத் தண்ணீர் சீராகவே போகும். பாட்டுக்குத் துருசு, எண்களை ஒலிக்கான மின் சைகையாக மாற்றும் சிப். அது தன் கடிகாரத்தின்படிதான் எடுக்கிறது. குளம் வற்றினால் பாட்டு நிற்கும். வற்றாதவரை, தண்ணீர் எந்த வாய்க்காலால் வந்தது என்பது ஸ்பீக்கருக்குத் தெரியாது.

அளவும் பெரிதில்லை. சீடித் தரம் என்றால் செக்கனுக்கு 44,100 ஒலி மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிற், இரண்டு பக்கம்: மொத்தம் 1,411 கிலோபிற். பழைய 100 மெகாபிற் வயரில் இப்படி அறுபது பாட்டு ஒரே நேரம் போகும்.

பிறகேன் மச்சான் வீட்டில் தாளச் சத்தம் மணலை உரசியதுபோல் கேட்டது? பாட்டுச் செயலியைத் திறந்தோம். ஒலித்தரம் ‘தானியங்கி’யில் இருந்தது. சிக்னல் தளர்ந்தால் அது ஒரு சொல்லும் சொல்லாமல் தரத்தைக் குறைத்துவிடும். முதலில் அடிபடுவது ஜால்ரா போன்ற மேல்சுரங்கள். சிக்னல் தளர்ந்த காரணமும் கண்முன்னே நின்றது. 4ஜி ரவுட்டர் குசினியில், தகரச் சுவருக்குப் பின்னால். தகரம் வானொலி அலையைத் திருப்பி அடிக்கும். கோபுரம் இருக்கும் திசை யன்னலுக்கு ரவுட்டரை மாற்றி, அங்கிருந்து ஹோலுக்குச் சாதாரண கற் 5இ (Cat 5e) நெற்வேர்க் வயர் இழுத்தோம். அது 100 மீற்றர் வரை தாங்கும். தரத்தை ‘உயர்’ என்று நிறுத்தினோம். ஜால்ரா ஜால்ராவாகக் கேட்டது.

பக்கத்து வீட்டு வைஃபையோடு மோதாமல் வைஃபைச் சனலை 1, 6, 11 என்று மாற்றிப் பார்க்கச் சொல்லும் புத்திமதி கொழும்பு மாடிவீட்டுக்காரருக்கு. இங்கே பக்கத்து வீட்டு வைஃபை பனைவேலி தாண்டி வருவதே பெரிய காரியம்.

பாட்டுச் செற்றில் ‘ங்ங்...’ என்று ஓர் இரைச்சல் மட்டும் மிஞ்சியது. அது மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ், நெற்வேர்க்கில் பழியில்லை. போன் சார்ஜரைக் கழற்றினோம், நின்றது.

வயரை வெளியால் அடுத்த கட்டடத்துக்கு இழுப்பதென்றால் ஒன்று. ஐப்பசி இடிக்குக் கரண்ட் பிளக்கை மட்டும் கழற்றினால் போதாது, இந்த வயரையும் இரண்டு முனையிலும் கழற்றிவிட வேண்டும்.