டைல்ஸ் இடுக்கில் நுரைப்பது அழுக்கு மட்டுமல்ல

பாத்ரூம் தரையில் ஆசிட் ஊற்றியதும் டைல்ஸ் இடுக்குகள் சீறி நுரைக்கும். அழுக்கு வெளியேறுகிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் இடுக்கில் அடைத்திருக்கும் சிமென்டும் அந்த நுரையோடு சேர்ந்து கரைந்துகொண்டிருக்கிறது. அதிலுள்ள சுண்ணாம்புச் சேர்மங்களை ஆசிட்டிலுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் தண்ணீரில் கரையும் கால்சியம் குளோரைடாக மாற்றிவிடும். நுரையாக வருவது கார்பன் டை ஆக்சைடு. மேல்தோல் உரிந்துபோவதால் அன்றைக்கு வெள்ளையாகத் தெரியும். கொஞ்ச நாளில் முன்பைவிட வேகமாகக் கறுக்கும்.

காரணம் துளைகள். சிமென்ட் இறுகுவது காய்வதால் அல்ல, தண்ணீரோடு வேதிவினை புரிவதால். அந்த வினைக்கு சிமென்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்குத் தண்ணீர் போதும். வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று ஒயிட் சிமென்டைக் கஞ்சிபோலக் கரைத்து ஊற்றினால், மிஞ்சிய தண்ணீர் ஆவியான இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளைகளாக நின்றுவிடும். அமிலம் அவற்றை இன்னும் அகலமாக்குகிறது. சோப்புத் தண்ணீர் ஊறி இறங்க அது போதும்.

எந்தக் கறை என்று தெரியாமல் தேய்ப்பது வீண்வேலை. போர் தண்ணீரில் குளிக்கும் வீடுகளில் பெரும்பாலும் சாம்பல் நிறப் பிசுக்கு படியும். தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து உண்டாக்கும், தண்ணீரில் கரையாத மெழுகு போன்ற பொருள் அது. ஈரம் காயாத மூலைகளில் கரும்புள்ளிகளாகப் பரவுவது பூஞ்சை. இளஞ்சிவப்பாக வழவழப்பது பெரும்பாலும் செராட்டியா போன்ற பாக்டீரியா. குழாயடியில் செங்காவியாக இறங்குவது தண்ணீரிலுள்ள இரும்பு.

கறுப்பு பூஞ்சையா, வெறும் அழுக்கா என்று அறிய ஒரு சொட்டு பிளீச்சிங் தண்ணீர் வைத்துப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் வெளுத்தால் பூஞ்சை. நிறம் மாறாவிட்டால் அழுக்கும் பிசுக்கும்தான்.

எதுவானாலும் பிசுக்கைத்தான் முதலில் எடுக்க வேண்டும். அதன் அடியிலிருக்கும் பூஞ்சையை மருந்து தொடாது. ஒரு லிட்டர் சுடுநீரில் இரண்டு மேசைக்கரண்டி சலவை சோடாவைக் கரைத்து, இடுக்குகளில் ஊற்றிப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டு, நைலான் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம். உடைந்து சிக்கும் இரும்புத் துணுக்குகள் துருப்பிடித்துப் புதுக் கறையை உண்டாக்கும்.

அடுத்தது வெளுப்பது. மருந்துக்கடையில் கிடைக்கும் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை ஆப்பசோடாவில் சிறிது சிறிதாக விட்டுக் குழையுங்கள். பசைபோல இருந்தால் சுவரிலும் வழியாமல் நிற்கும். சோடாவின் காரத்தன்மையில் பெராக்சைடு வேகமாக வேலை செய்து கறையின் நிறமிகளைச் சிதைக்கும். பதினைந்து நிமிடம் கழித்துத் தேய்த்துக் கழுவலாம். மிஞ்சியதை மூடிய பாட்டிலில் வைக்கக் கூடாது. ஆக்சிஜன் வாயு வெளியாகிக்கொண்டே இருப்பதால் பாட்டில் வெடிக்கும். கையுறை அவசியம். ஆப்பசோடாவில் வினிகர் ஊற்றும் முறை பிரபலமானது, ஆனால் பயனில்லை. அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு, நுரை அடங்கியதும் உப்புத் தண்ணீர்தான் மிஞ்சும்.

அடம்பிடிக்கும் பூஞ்சைக்கு பிளீச்சிங் பவுடர். கால் லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி கலந்து அரை மணி நேரம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிநீரை மட்டும் பூசி, பத்து நிமிடத்தில் கழுவுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். இதோடு ஆசிட்டோ வினிகரோ கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. ஒரே நாளில் இரண்டையும் கையில் எடுக்காதீர்கள்.

இரும்புக் கறைக்கு பிளீச்சிங் உதவாது. இரும்பை மேலும் ஆக்சிஜனேற்றிக் கறையை நிலைக்கச் செய்யும். இங்கு மட்டும் மென்மையான அமிலம் வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சிட்ரிக் ஆசிட் போதும். முதலில் இடுக்கை நன்றாக நனைத்துவிடுங்கள். துளைகளில் ஏற்கெனவே தண்ணீர் நிரம்பியிருந்தால் அமிலம் உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் கழுவி, ஆப்பசோடா கரைத்த தண்ணீரால் அலசுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் இடுக்கு பள்ளமாகவோ பொடிந்தோ இருந்தால் புதிதாக அடைப்பதே வழி. உடைந்த ஹேக்சா பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்து, பழைய பூச்சைக் குறைந்தது 2 முதல் 3 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டுங்கள். அழுக்கின் மேலேயே மெல்லிசாகப் பூசினால் சில வாரங்களில் செதில் செதிலாக உரியும். தூசியைத் துடைத்து, இடுக்கை ஈரமாக்குங்கள். தண்ணீர் தேங்கி நிற்கக் கூடாது. 3 மில்லிமீட்டருக்கு மேல் அகலமான இடுக்கில் வெறும் ஒயிட் சிமென்ட் சுருங்கி வெடிக்கும். டைல்ஸ் கடையில் ஜாயின்ட் ஃபில்லர் என்று கேட்டு, நுண்மணலும் பாலிமரும் சேர்ந்ததை வாங்குங்கள். பாக்கெட்டில் போட்ட அளவுக்கு மேல் ஒரு சொட்டுத் தண்ணீரும் வேண்டாம். டூத்பேஸ்ட் பதத்தில் குழைத்து, ஐந்து நிமிடம் வைத்து மீண்டும் கலக்கி, ரப்பர் தகட்டால் இடுக்குக்குக் குறுக்குச் சாய்வாக அழுத்தி இழுங்கள். நேர்கோட்டில் இழுத்தால் தகட்டின் விளிம்பு பூச்சைத் தோண்டிவிடும். சற்று இறுகியதும் நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சால் துடையுங்கள். ஸ்பாஞ்சில் தண்ணீர் மிகுந்தால் நிறம் திட்டுத்திட்டாகும். ஒரு நாள் கழித்து, மூன்று நாள்களுக்கு லேசாகத் தண்ணீர் தெளித்து ஈரமாகவே வைத்திருங்கள்.

சுவரும் தரையும் சேரும் மூலையில் மட்டும் சிமென்ட் கூடாது. இரண்டும் வெவ்வேறு அளவில் அசைவதால் எத்தனை முறை அடைத்தாலும் விரிசல் விடும். அங்கே ரப்பர்போல வளைந்துகொடுக்கும் சிலிக்கோன் பசைதான் நிற்கும்.

பூச்சு முழுவதும் காய்ந்த பிறகு சீலர் எனும் நீர்த்தடுப்புப் பூச்சு அடித்தால் துளைகளுக்குள் தண்ணீர் இறங்குவது வெகுவாகக் குறையும். வருடத்துக்கு ஒருமுறை இடுக்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் சீலர் வேலை செய்கிறது. உறிஞ்சிக் கருமையானால் மறுபடி அடிக்கும் நேரம் வந்துவிட்டது.