பிடியை நீட்டும் புரதம்

"ஹார்மோன்கள் பலவும் கொலஸ்ட்ராலிலிருந்து உருவாகின்றன என்கிறீர்கள். எண்ணெய்ப் பிசுக்கான அந்தப் பொருள் தண்ணீர் நிறைந்த செல்லுக்குள் எப்படி இடம் மாறுகிறது?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். எனக்கு மிகவும் பிடித்த கைமாற்றம் ஒன்று இதற்குள் இருக்கிறது.

இரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து வரும் எல்டிஎல் என்ற துகள்களைச் செல் விழுங்கி, லைசோசோம் என்ற பைக்குள் போட்டு உடைக்கிறது; கொலஸ்ட்ரால் வெளிப்படுகிறது. சரி, அப்புறம்தான் சிக்கல். பைக்குள் இருப்பது தண்ணீர்; கொலஸ்ட்ரால் அதில் கரையாது. பையின் சுவர்வரை யாராவது தூக்கிப் போக வேண்டும்.

அதற்கு இரண்டு புரதங்கள். என்பிசி2 சிறியது, பைக்குள் மிதந்து திரிவது. என்பிசி1 பெரியது, சுவரை 13 முறை ஊடுருவி நிற்பது. கொலஸ்ட்ராலின் தலையில் தண்ணீரோடு ஒட்டும் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி. மறுமுனையில் தண்ணீருக்கு ஆகாத எட்டுக் கார்பன் வால். என்பிசி2 அந்த வாலைத் தன் குழிக்குள் செருகிக்கொண்டு தலையை வெளியே விடுகிறது. 2009இல் டெக்சாஸில் பிரவுன், கோல்ட்ஸ்டைன் என்ற ஆய்வாளர்களின் குழுவினர் என்பிசி1 குழியின் படிக வடிவத்தைப் பார்த்தபோது, அங்கே தலை உள்ளே, வால் வாசல் பக்கம்! அரிவாளைக் கொடுக்கும்போது அலகை நாம் பிடித்துக்கொண்டு பிடியை வாங்குபவர் பக்கம் நீட்டுவோமே, அதே முறை. இரு குழிகளும் வாயோடு வாய் பொருந்தினால் போதும். கொலஸ்ட்ரால் திரும்பாமல், தண்ணீர் படாமல், அப்படியே வழுக்கிப் போய்விடும்.

ஹார்மோனுக்கும் இந்த வழியோடு ஒரு வழக்கு உண்டு. கொலஸ்ட்ராலிலிருந்தே பிறக்கும் புரோஜெஸ்டிரோனை, உடலில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகமாக ஆய்வகச் செல்கள்மேல் ஊற்றினால் வழி அடைபடுகிறது; கொலஸ்ட்ரால் பைக்குள்ளேயே தேங்குகிறது. ஹார்மோனைக் கழுவிவிட்டால் தேக்கம் வடிகிறது.

மரபணுப் பழுதால் வழி அடைபட்ட குழந்தைகளுக்கு வருவது நீமன்-பிக் சி (சுருக்கமாக என்பிசி) நோய். கண்ணை மேலும் கீழும் ஓட்ட முடியாது, நடை தடுமாறும், சில பிள்ளைகள் சிரிக்கும்போதே உடல் துவண்டு விழுவார்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளைக் காத்துக் கருப்பு என்று மந்திரிக்கத் தூக்கிப் போனால், மருத்துவருக்குச் சேர வேண்டிய மாதங்கள் வீணாகும். நினைத்தாலே வயிறு எரிகிறது. அரிய நோய் என்று ஆராய்ச்சி நிதியைத் தள்ளிப்போடுவதும் எனக்கு ஒப்பவில்லை. நம் எல்லோருடைய செல்லிலும் நடக்கும் இந்தக் கைமாற்றத்துக்கு வழிகாட்டியதே அந்தக் குழந்தைகளின் நோய்தான். என்பிசி1 மரபணு சிக்கியது 1997இல். அமெரிக்காவில் இந்நோய்க்கென்று முதல் மருந்துகள் அனுமதி பெற்றது 2024 செப்டம்பரில்.