சைனஸ் ஆபரேஷனுக்குப் பிறகு உப்புத் தண்ணீருக்கு என்ன வேலை?

"ஆபரேஷன் பண்ணி அடைப்பையெல்லாம் எடுத்தாச்சு. அப்புறமும் எதற்கு தினமும் மூக்கைக் கழுவச் சொல்கிறார்கள்?" ஒரு வாசகரின் கேள்வி. நியாயமானதுதான். ஆனால் ஆபரேஷன் வழியைத் திறந்துவிடும், அவ்வளவுதான். சளியைத் தள்ளி வெளியேற்றுபவை வேறு.

மூக்கின் உட்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத குறு இழைகள் நொடிக்குப் பத்துப் பதினைந்து முறை துடுப்புப் போட்டுக்கொண்டே இருக்கின்றன. மேலே படிந்த சளி நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் நகர்கிறது. வேடிக்கை, கன்ன எலும்புக்குள் இருக்கும் காற்றறையான கன்னச் சைனஸில்தான். அதன் வாசல் அடியில் இல்லை, உச்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது. நாம் நிற்கும்போது சளி புவியீர்ப்பை எதிர்த்துச் சுவரேறித்தான் வெளியே வர வேண்டும். வரவும் செய்கிறது! கீழே புதிதாக ஒரு துளை போட்டுக் கொடுத்தாலும் அதைச் சுற்றிக்கொண்டு பழைய வாசலுக்கே போகும். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் காது மூக்குத் தொண்டை மருத்துவர் வால்டர் மெசர்கிளிங்கர் இந்தப் பாதைகளைப் பொறுமையாக ஆராய்ந்து காட்டினார். இயற்கை வாசலையே அகலப்படுத்தும் இன்றைய எண்டோஸ்கோப்பி (மூக்கு வழியே மெல்லிய கேமராக் குழாயை விட்டுப் பார்த்துச் செய்யும்) அறுவைக்கு அடிப்படை அதுதான்.

கத்தி பட்ட இடத்தில் இந்த இழைகள் சேதமாகியிருக்கும். திரும்ப முளைத்து ஒரே திசையில் அடிக்கத் தொடங்க வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். அதுவரை ரத்தமும் சளியும் அங்கேயே காய்ந்து பொருக்காகும். எதிரெதிரே உள்ள புண்கள் ஒட்டிக்கொண்டால் திறந்த வழி மறுபடி மூடிவிடும். இழைகளால் முடியாத வேலையை இடைக்காலத்தில் தண்ணீரின் ஓட்டம் செய்கிறது.

ஸ்ப்ரே ஈரப்படுத்துமே தவிர அலசாது. 240 மில்லி கொள்ளும் பிழியும் பாட்டில் வேண்டும். பாதி ஒரு துவாரத்துக்கு, பாதி மற்றதற்கு. அயோடின் சேர்க்காத உப்பு 2 கிராமுக்குச் சற்று அதிகம், ஒரு சிட்டிகை சமையல் சோடா. இது 0.9 சதவீதக் கரைசல். வெறும் தண்ணீர் சவ்வூடு பரவலால் செல்களுக்குள் புகுந்து வீங்க வைக்கும், எரியும்.

தண்ணீரைத் தளதளவென்று ஒரு நிமிடம் (கடல் மட்டத்திலிருந்து 2000 மீட்டருக்கு மேல் வசித்தால் 3 நிமிடம்) கொதிக்கவைத்து, மூடி, வெதுவெதுப்பாக ஆறவிட வேண்டும். ஃபில்டர் தண்ணீர் குடிக்கத்தான். ஊற்று நீர் இயற்கையானது, தூய்மையானது என்ற நம்பிக்கையும் இங்கே ஆபத்து. நெய்க்லேரியா ஃபௌலெரி என்ற அமீபா வயிற்றுக்குள் போனால் ஒன்றும் செய்யாது. மூக்கில் ஏறினால் நுகர்ச்சி நரம்பைப் பிடித்து மூளைக்குப் போய்விடும். 2011இல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்த் தண்ணீரால் மூக்கைக் கழுவிய இருவர் இப்படி இறந்தார்கள். மிக அரிது, ஆனால் வந்தால் பிழைப்பது அதைவிட அரிது.

எப்போது தொடங்குவது என்று ஆபரேஷன் செய்தவர் சொல்வார். வாஷ் பேசின் மேல் குனிந்து, வாயைத் திறந்து அதன் வழியே மூச்சு விட்டபடி மெதுவாகப் பிழியுங்கள். நடுவில் எச்சில் விழுங்காதீர்கள். விழுங்கும்போது காதுக்குப் போகும் குழல் திறக்கும், தண்ணீர் ஏறிக் காது அடைக்கும். டாக்டர் அனுமதிக்கும்வரை மூக்கைப் பலமாகச் சிந்தவும் கூடாது. மிச்சக் கரைசலைக் கொட்டிவிட்டு, பாட்டிலைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கவிழ்த்துக் காயவையுங்கள். ஈரப் பாட்டிலில் கிருமி வளரும்.

முதல் சில நாள் இளஞ்சிவப்பு நீரும் பழுப்புத் துணுக்குகளும் வருவது சகஜம். கழுவிக் கொஞ்ச நேரம் கழித்துக் குனியும்போது குபுக்கென்று கொட்டுவது சைனஸில் தேங்கிய மிச்சம். ஆனால் கழுவாத நேரத்திலும் ஒரே பக்கத்தில் தெளிந்த நீர் சொட்டிக்கொண்டிருந்தால் அது மூளையைச் சுற்றியுள்ள திரவமாக இருக்கலாம். அதற்கும், பார்வை மங்கினாலோ இரட்டையாகத் தெரிந்தாலோ, அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.