கூட்டம் எத்தனை மணிக்கு?

சூழல் சுற்றுலாத் திட்டத்தோடு யார் என்னிடம் ஆலோசனைக்கு வந்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: ஊர்க்கூட்டத்தை எத்தனை மணிக்கு வைத்தீர்கள்?

ஒரு மலைக்கிராமத்தில் காலை பதினோரு மணிக்கு வைத்தார்கள். பெண்களெல்லாம் தோட்டக் கூலிக்குப் போயிருந்தார்கள். வந்தவர்கள் விடுதிக்காரர்களும் ஜீப் ஓட்டுநர்களும் ஊர்ப் பெரியவர்கள் சிலரும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, ‘மக்கள் பங்கேற்பு’ என்று எழுதிக்கொண்டார்கள். பயணிகளுக்காக நடைபாதை போட்ட இடம், அந்தப் பெண்கள் விறகு கொண்டுவரும் தடம். ஆறே மாதத்தில் தகராறு. அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். நேரத்தை மாற்றுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.

தேக்கடியில் வேறு விதமாக நடந்தது. பெரியாறு புலிகள் காப்பகத்தில் 1996-இல் உலக வங்கி உதவியோடு சூழல் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. அப்போது வனத்துறை பேச அழைத்தவர்களில், வயனா என்ற காட்டு இலவங்க மரத்தின் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்று, வழக்குகளில் சிக்கியிருந்தவர்களும் உண்டு. யானை எந்தத் தடத்தில் இறங்கும், திருடன் எங்கே பதுங்குவான் என்பதெல்லாம் அவர்களைவிட யாருக்குத் தெரியும்? குழுவாகச் சேர்ந்து அவர்களே பயணிகளுக்கு வழிகாட்டினார்கள், ரோந்தும் போனார்கள். பிழைப்பு, காட்டை அழிப்பதிலிருந்து காப்பதற்கு மாறியது. தமிழ்நாட்டுப் பக்கமிருந்து காட்டுக்குள் திருட்டுக்குப் போனவர்களும் ‘விடியல்’ என்ற பெயரில் இப்படியே குழுவானார்கள்.

2002 முதல் அங்கே ‘வசந்த சேனை’ப் பெண்கள் முறைவைத்து, ஊதியமில்லாமல் காட்டைக் காவல் காத்தார்கள். அவர்களை நினைத்தால் மதிப்பு பொங்குகிறது. ஆனாலும் ஆண்களின் உழைப்பு வருமானமாகவும் பெண்களின் உழைப்பு தொண்டாகவும் போவது எனக்கு நெருடுகிறது. புதிதாகத் திட்டம் போடுகிறவர்கள் இதை அப்படியே நகலெடுக்க வேண்டாம்.

அடுத்தது பணம். 2004-இல் உருவான பெரியாறு அறக்கட்டளைக்குப் பயணிகளிடம் வாங்கும் கூடுதல் கட்டணம் போய்ச் சேருகிறது. உலக வங்கித் திட்டம் முடிந்த பிறகும் அந்த வேலை தொடர்ந்ததற்கு இது பெரிய காரணம். பல இடங்களில் மானியம் நின்றதுமே குழுவும் கலைந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். டிக்கெட் பணம் எங்கே போகிறது என்று குழு உறுப்பினருக்கே தெரியாத ஊர்களும் உண்டு.

இப்போது நான் போகும் ஊர்களில் கூட்டம் இரவு ஏழு மணிக்கு, பள்ளித் திண்ணையில். பெண்களோடு முதலில் தனியாக உட்காருகிறோம். வரைபடத்தில் பாதையை அவர்கள் கோடு போட்ட பிறகே விடுதிக்காரர்களையும் ஜீப்காரர்களையும் கூப்பிடுகிறோம். மாதக் கணக்கை நோட்டிலிருந்து உரக்க வாசிக்க வேண்டும் என்பதையும் அன்றைக்கே எழுதிக் கையெழுத்திடுகிறோம்.